தலா என்றால் வெளி

கஜகஸ்தான்
ஏப்ரல் மாதம்

அன்பு ஜமுனாவுக்கு, அர்ஜுனன் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீ, காவியா, அம்மா, நைனா எல்லோரும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, காவியா படிக்கிறாளா என்பதற்கு மேல் போனில் எனக்கு வாய் வருவதில்லை. ரியாஸ் பாய் விடுப்பில் பழவேற்காட்டுக்கு வருகிறார். அவர் பையில் வைத்து அனுப்புகிறேன். நீ முதலில் முழுக்கப் படி. நைனாவுக்குப் படித்துக் காட்டலாமா, வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு நீயே முடிவு செய்துகொள்.

காவியாவின் கேள்விக்கு முதலில் பதில். போன மாதம் போனில் “அப்பா ஸ்டெப்ல இருக்கேன்மா” என்று நான் சொன்னதும், “இன்னாப்பா, மாடிப்படியில குந்திக்கினு பேசுறியா?” என்று சிரித்தாளே. நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். இது மாடிப்படி இல்லை என்று அவளிடம் சொல். குளிர் தேசங்களில் மரமே இல்லாமல் புல் மட்டும் முளைத்துக் கிடக்கும் நிலத்துக்கு அப்படி ஒரு பெயர். ரஷ்யர்கள் ‘ஸ்த்யேப்’ என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதை எடுத்து ஸ்டெப் என்று ஆக்கிக்கொண்டார்களாம். எழுதும்போது படிக்கட்டைவிட இரண்டு எழுத்து கூட வருமாம்.

அந்த ரஷ்யச் சொல் எங்கிருந்து வந்தது என்று ரியாஸ் பாயைக் கேட்டேன். இவர் இந்தக் கம்பெனியில் பல வருஷமாக ஸ்டோர் பார்ப்பவர், இந்த ஊர்க்காரர்கள் பேச்சும் ரஷ்யப் பேச்சும் இரண்டுமே தெரியும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் கேட்டு வந்து சொன்னார். மிதித்து மிதித்துத் தட்டையான இடம் என்று சிலர் சொல்கிறார்களாம். வெட்டித் தரைமட்டமான இடம் என்று வேறு சிலர். எல்லாம் ஊகம்தானாம், உறுதியாக யாருக்கும் தெரியாதாம். இவ்வளவு பெரிய நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் ஏன் அப்படி வைத்தோம் என்று சொல்லாமலே போய்விட்டார்கள், பார்.

பெரிய நிலம் என்று எழுதிவிட்டேன். எப்படிப் பெரியது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் முயல்கிறேன். நான் போன வருஷம் இங்கே வந்து இறங்கியபோது புல் பூத்திருந்தது. ஒவ்வொரு புல்லின் நுனியிலும் வெள்ளி மயிர் போல ஒன்று. காற்று அடித்தால் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து, பளபளத்து, எழுந்து, மறுபடி சாயும். வண்டியிலிருந்து இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குக் கால் தள்ளாடியது, ஜமுனா. படகில் நிற்பவனைப் போலக் காலை அகட்டி வைத்துக்கொண்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. தண்ணீரையே பார்க்காத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றுதான் நான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். அப்படி வந்தவன் முன்னால் இது வந்து விரிந்து கிடந்தது.

பிறகு காற்றாலைக் கோபுரத்தின் உச்சிக்கு முதல் தடவை ஏறினேன். நட்டு முடுக்கும் வேலை. மேலே போய் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் நாலு பக்கமும் வானத்தின் விளிம்புதான். கடலில்கூட நமக்கு ஒரு பக்கம் கரை தெரியும், கலங்கரை விளக்கம் தெரியும். இங்கே பிடித்துக்கொள்ளக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கீழே ஒரு குதிரைக் கூட்டம் போனது, நண்டுக் குஞ்சுகள் மணலில் ஓடுவது போல இருந்தது. மேகத்தின் நிழல் எங்கோ தொலைவில் கிளம்பி, தரையைத் தடவிக்கொண்டே வந்து, எங்கள் கோபுரத்தைத் தாண்டிப் போனது. அது போய் முடிவதைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அது முடியவே இல்லை. கீழே இருந்து சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் கத்திய பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் முகாமுக்கு ரொட்டி கொண்டுவருகிறவன் யெர்லான். பக்கத்து ஊர்க்காரன், தம்பி வேலு வயசுதான் இருக்கும். நான் நைனாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ரொட்டி இறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து “இன்னா நைனா!” என்று கத்துவான். அப்பா என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்த பிறகும் விடவில்லை. அவனுக்குக் கொஞ்சம் குதிரைகள் உண்டு. போன மாதம் பனி குறைந்துவிட்டது என்று அவற்றை மேய விட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் வானம் கெட்டது. குதிரைகளை ஓட்டி வருகிறேன் என்று தன் குதிரையில் ஏறிப் போனவன் திரும்பவில்லை.

அந்தப் பனிப்புயலை இந்த ஊரார் ‘புரான்’ என்கிறார்கள். நம் ஊர்ப் புயலுக்குச் சத்தம் உண்டு, மழை உண்டு, தென்னை சாயும், ஓடு பறக்கும். இதற்குச் சாய்ப்பதற்கு எதுவும் இல்லை. வெள்ளை மட்டும்தான். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. மேலே வானமா, கீழே தரையா என்று தெரியவில்லை. பட்டப்பகலில் கண்ணைத் திறந்துகொண்டே குருடனாக நின்றேன். பயத்தைவிட, இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று வாயடைத்துப் போனதுதான் அதிகம்.

ரியாஸ் பாயும் நானும் இன்னும் சிலரும் முகாம் டிராக்டரை எடுத்துக்கொண்டு, ஒருவர் முன்னால் வேலிக்கம்பியைத் தடவிக்கொண்டே நடக்க, அந்த ஊருக்குப் போனோம். யெர்லானின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் அம்மா திறந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. யெர்லான் எங்கே என்று ரியாஸ் பாய் கேட்டார். அந்த அம்மா எங்களைத் தாண்டி வெள்ளையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “தலாதா.”

இன்னா சொல்றாங்க என்று கேட்டேன்.

“வெளிய இருக்கான்றாங்க” என்றார் ரியாஸ் பாய்.

அந்த வார்த்தையைக் கேட்டாயா, ஜமுனா. வேலு படகோடு முகத்துவாரம் தாண்டிப் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷமாக நம் நைனா சொல்வது இதே வார்த்தைதானே. விடிந்ததும் கரையில் போய் நிற்பார். யார் கேட்டாலும், “வேலு வெளிய போயிருக்கான்” என்பார். கடலில் பால் ஊற்றிச் சடங்கு செய்யவும் விடவில்லை. அந்த முகமும் இந்த அம்மாவின் முகமும் ஒன்றாகவே இருந்தன.

வழியில் ரியாஸ் பாயிடம் மறுபடி கேட்டேன். அவர் முகத்துணிக்குள்ளிருந்து கத்திச் சொன்னார். “ஸ்டெப்புன்றது ரஷ்யாக்காரன் பேச்சு. இவுங்க பேச்சுல இதுக்குப் பேரு தலா. தலான்னா இந்தப் புல்லுக்காடு. தலான்னா வெளியன்னும் அர்த்தம். வூட்டுக் கதவுக்கு அந்தாண்ட இருக்கறது எல்லாம் தலாதான்!”

நமக்கும் அப்படித்தானே என்று அப்போதுதான் உறைத்தது. புல்வெளி என்கிறோம். வெட்டவெளி என்கிறோம். ஆகாய வெளி என்கிறோம். வாசலைத் தாண்டி ஒருவன் காலை வைத்தால் வெளியே போயிருக்கிறான் என்கிறோம். எல்லாம் ஒரே வார்த்தை. இவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இவர்கள் மீனைக் கண்டவர்கள் இல்லை, நாம் குதிரையைக் கண்டவர்கள் இல்லை. எந்தக் காலத்திலோ இங்கே ஒருவர் கூடாரத் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே ஒருவர் குடிசைப் படலைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. வீட்டுக்குள் இருப்பது கொஞ்சம், மற்றது எல்லாம் வெளி. இதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஊர் நடுவில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருந்தார்கள். தொலைந்தவன் காதில் விழட்டும் என்று. நாங்கள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். மறுநாள் காற்று இறங்கியது. திடீரென்று வானம் நீலமாகி, தரை முழுக்க உப்பளம் போல மின்னியது. கண் கூசித் தண்ணீர் கொட்டியது. தூரத்தில் பழைய வைக்கோல் போர் ஒன்று பனி மூடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு சின்னப் போர். அந்தச் சின்னப் போர் மேல் ஆவி எழும்புவதை நான்தான் பார்த்தேன். அது யெர்லானின் குதிரை. உடம்பெல்லாம் பனி உறைந்து, அசையாமல் நின்றிருந்தது. போரைக் குடைந்து உள்ளே சுருண்டு கிடந்தான் யெர்லான். உயிர் இருந்தது.

கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். மற்றபடி பிழைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் இறக்கியபோது அவன் அம்மா அழவே இல்லை. அவனைத் திட்டினார். ரொட்டி காய்ந்து போய்விட்டது, எங்கே ஊர் சுற்றினாய் என்று திட்டினாராம். நான் டிராக்டருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வேலு, வேலு என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்தப் பெயரைச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று உனக்குத் தெரியும்.

ஒரு மனிதன் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல நினைத்தேன். இது நைனாவுக்கு ஆறுதலா, இல்லை புண்ணில் குத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் கையில் விடுகிறேன். அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காவியாவை நெற்றியில் முத்தமிடு.

உன்
அர்ஜுனன்


கோட்டைக்குப்பம்
மே மாதம்

அன்புள்ள மாமாவுக்கு, ஜமுனா வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதமும் தைலமும் சாக்லேட்டும் வந்து சேர்ந்தன. நாங்கள் எல்லோரும் நலம். காவியா பரீட்சை முடித்துவிட்டாள். இப்போது தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, இரண்டு எழுத்து கூட வரும் ஸ்டெப்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறாள். இறால் சுமார்தான், நண்டு பரவாயில்லை. வாரம் இரண்டு நடை பொன்னேரி சந்தைக்கு எடுத்துப் போகிறேன். முகத்துவாரத்தில் மறுபடி மணல் ஏறிவிட்டது. பெரிய படகுகள் தட்டுகின்றன. அத்தைக்குத் தைலம் ஒத்துக்கொண்டது. ஆனால் அதன் வாசனை குதிரை வாசனை என்கிறார். அவர் குதிரையை எங்கே கண்டார் என்று தெரியவில்லை.

கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். நைனாவுக்குப் படிப்பதா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் பிள்ளை திரும்பி வந்த கதையை இவர் எப்படித் தாங்குவார் என்று பயம். ஆனால் நீங்கள் வேலுவின் பெயரை எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டில் அந்தப் பெயரை நைனாவைத் தவிர யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதை மறைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரியாஸ் அண்ணனும் கரீமா அண்ணியும் பார்க்க வந்திருந்தார்கள். நைனா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் படிக்க ஆரம்பித்தேன். புல்லைப் பற்றி, கோபுரத்தைப் பற்றிப் படிக்கும்போது நைனா தலையைத் தூக்கவில்லை, கை வேலை செய்துகொண்டே இருந்தது. யெர்லான் போனது வந்தபோது கை நின்றது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கதவைத் திறந்து சொன்ன வார்த்தை வந்தது.

“அந்தம்மா இன்னா சொல்லிச்சு? இன்னொரு தபா படி” என்றார் நைனா.

படித்தேன். அவர் ரியாஸ் அண்ணனைப் பார்த்து, “நீ பக்கத்துல நின்னியா? உன் காதால கேட்டியா?” என்று கேட்டார். “கேட்டேன் நைனா. தலாதான்னாங்க. அந்த ஊர்ல அது சாதாரணமா சொல்ற வார்த்தைதான். கடைக்குப் போனாலும் அதான், காட்டுக்குப் போனாலும் அதான்” என்றார் அண்ணன். நைனா அந்த வார்த்தையை மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, “அவுங்க புள்ள வந்துட்டான்ல?” என்று கேட்டார். “வந்துட்டான் நைனா” என்றேன். “நல்லா இருக்கட்டும்” என்றார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு, தண்டவாளத்தை எப்படி அடித்தார்கள், கயிறு எவ்வளவு கனம், குதிரை ஏன் ஓடிப்போகவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரியாஸ் அண்ணனும் பொறுமையாகச் சொன்னார். போகும்போது அண்ணி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் நைனா வழக்கம் போலக் கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “ரெண்டு பேரும் வாங்க, படகுல போய்ட்டு வரலாம்” என்றார். பெண்கள் கடல் பக்கம் படகில் போகிற வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கரையில் அத்தனை பேர் இருந்தார்கள், அவர்களே படகைத் தள்ளிவிட்டார்கள்.

ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. நாரைகள் நின்றபடியே எங்களைப் பார்த்தன. இந்த ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி நண்டு பிடித்தே வளர்ந்தவள் நான். ஆனால் முகத்துவாரம் தாண்டிக் கடல் திறந்துகொள்வதை அன்றுதான் பார்த்தேன், மாமா. மணல் திட்டு முடிந்தது. தண்ணீரின் நிறம் மாறியது. படகு ஒரு முறை எழும்பி இறங்கியது. அதற்கப்புறம் முன்னால் எதுவுமே இல்லை. நீங்கள் எழுதிய மாதிரிதான், பிடித்துக்கொள்ளக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரியதற்குள்ளா தினமும் போய்விட்டு வந்து, சாயங்காலம் சோறு கேட்டீர்கள் நீங்களும் வேலுவும்? எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன்.

நைனா இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அத்தை மடியிலிருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்தார். உள்ளே பால். அவர் அதை எடுத்து வந்ததை நான்கூடப் பார்க்கவில்லை. நைனா அதைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். “எப்ப எடுத்தாந்தே?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு வருசமா தெனைக்கும் ஒரு சட்டி பால் எடுத்து வச்சிக்கினுதான் கீறேன்” என்றார் அத்தை. நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன், மாமா. அந்தப் பால் காவியாவுக்கு என்று நினைத்திருந்தேன்.

நைனா சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடலையே பார்த்தார். பிறகு அத்தையிடம் சொன்னார். “வெளிய போயிருக்கான்னு நான் சொன்னது பொய்யில்ல, ராஜம்மா. இதான் வெளி. ரொம்பப் பெருசு. ஆனா அவன் வரமாட்டான்.”

அத்தை தலையாட்டினார். நைனா பாலை ஊற்றினார். அவசரப்படாமல், குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி ஊற்றினார். வெள்ளை கொஞ்ச தூரம் விரிந்து போனது, பிறகு தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். நான் எங்கேயும் கண்டிராத ஒரு அமைதி அங்கே இருந்தது. அதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது எளாவூரிலிருந்து வியாபாரி ஒருவர் கரையில் நின்றிருந்தார். இரண்டு மூன்று வருஷமாக இந்தப் பக்கம் வராதவர். சின்ன மகன் எங்கே, வரவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். நைனா படகிலிருந்து இறங்கி, “கடல்ல வுட்டுட்டேம்பா” என்றார். அந்த ஆளின் தோளைத் தொட்டு, “உனுக்கு இன்னா மாதிரி நண்டு வேணும்?” என்று வேலைப் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

மாமா, நீங்கள் வந்த பிறகு மற்ற சடங்குகளைச் செய்யலாம் என்று நைனா சொல்லியிருக்கிறார். அவசரம் இல்லை, கோபுரம் எல்லாம் எழுந்து நிற்கட்டும், அந்த மக்களிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு வரட்டும் என்றார். யெர்லானின் அம்மாவுக்குக் கரீமா அண்ணி பனை ஓலையில் மூடி போட்ட பெட்டி ஒன்று முடைந்து கொடுத்திருக்கிறார். அதில் நான் கொஞ்சம் உலர்ந்த இறால் வைத்திருக்கிறேன். எப்படிச் சமைப்பது என்று ரியாஸ் அண்ணன் சொல்லிக் கொடுப்பார். பிடிக்கவில்லை என்றாலும் பெட்டியை வைத்துக்கொள்ளட்டும்.

நைனா என்னிடம் எதுவும் எழுதச் சொல்லவில்லை. நானாக ஒன்று எழுதுகிறேன். இன்று காலையில் அவர் கரைக்குப் போகவில்லை. வெயில் ஏறியும் பாயில் படுத்திருந்தார். அத்தை பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் நைனா. இதை எழுதும்போதும் தூங்குகிறார். காவியாவைச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் நன்றாகத் தூங்குங்கள், மாமா.

என்றும் உங்கள்
ஜமுனா